டிராக்கை முழுக்க இறுக்கியும் பிரெய்டு வழுக்கினால்

தூண்டில் ரீலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், இப்போதைக்குப் பழுது ரீலில் இருப்பதாகத் தெரியவில்லை. தூண்டில் நரம்பை அவிழ்த்து மறுபடி சுற்றினாலே போதும், அதற்கு ஊர்த் தூண்டில் கடைதான் சரி.

பெரிய கடையில் ரீலும் பெட்டியில் பிரெய்டும் (பல இழை பின்னிய நரம்பு) வாங்கி வீட்டிலேயே சுற்றினேன், டிராக்கை (நரம்பு ஓடாமல் பிடிக்கும் ரீலின் பிரேக்) இறுக்கியும் கொடுவா மீன் இழுத்தால் நரம்பு ஓடுகிறது என்கிறீர்கள். பிரெய்டை நேரே வழவழப்பான ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளை) கட்டியிருப்பீர்கள். தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) மாதிரி அது நீண்டு இறுகிப் பிடிக்காது, சுற்றிய மொத்தமும் ஒரே வளையமாக ஸ்பூல் மேல் உருளும்.

சோதனை எளிது. டிராக்கை முழுக்க இறுக்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு (பிரெய்டு விரலை அறுக்கும்) நரம்பை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நரம்பு மட்டும் வந்தால் நான் சொன்னதுதான்.

அப்படியானால் முதலில் 5 முதல் 10 மீட்டர் தங்கூஸ், அதற்கு மேல் பிரெய்டு. பெரிய கடையில் தங்கூஸைப் பெரும்பாலும் முழு ரோலாகத்தான் விற்பார்கள். தூண்டில் கடைக்காரரிடம் கேட்டால் இருக்கிற ரோலிலிருந்து கொஞ்சம் அளந்து கொடுத்து, ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்றியும் தருவார், கூடவே அந்தக் கழிமுகத்தில் இப்போது எந்தத் தூண்டில் முள்ளில் மீன் எடுக்கிறது என்பதும் காதில் விழும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்பூலும் சேர்ந்து சுழன்றால் கதை வேறு, டிராக் வாஷரை (டிராக்குக்குள் உரசிப் பிடிக்கும் வட்டு) பார்க்க வேண்டும். அப்போது நீங்களே கழற்றாமல், பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள், உத்தரவாதம் அங்கேதான்.