மழை 0 என்று வந்தால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தருமபுரி மாவட்ட மழையை வைத்து முதுகலை புராஜெக்ட் செய்கிறேன். ஈரா5 (ERA5) என்ற உலக வானிலைத் தரவை மாதத்துக்கு ஒரு ஃபைலாக இறக்கி, பைத்தானில் எக்ஸ்அர்ரே (xarray) என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு ஒன்றாக ஒட்டினேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று தேதி கொடுத்து வெட்டினால் ‘கீ எர்ரர்’ (கேட்டதை எடுக்க முடியவில்லை என்ற பிழை) வருகிறது. அந்தத் தேதிகளெல்லாம் உள்ளே இருக்கத்தான் செய்கின்றன. அட்சரேகையை 11.75 முதல் 12.75 வரை வெட்டினால் எர்ரர் இல்லை, ஆனால் கூட்டினால் மழை 0 என்கிறது. எங்கே தப்பு?

– ஒரு மாணவி, பாலக்கோடு

அன்புள்ள மாணவிக்கு,

தேதிகள் இருக்கின்றன, வரிசையில் இல்லை. ஃபைல் பெயரில் மாதத்தை 1, 2, 10 என்று போட்டிருப்பீர்கள். அதை எழுத்தாகப் பாவித்து அடுக்கினால் 1-க்குப் பின் 10, 11, 12 வந்து, அப்புறம்தான் 2 வரும். நீங்கள் கேட்ட நான்கு மாதங்களும் அடுத்தடுத்து இருந்தாலும், நேர அச்சு முழுவதும் ஏறுவரிசையில் இல்லையென்றால் இப்படி வெட்ட விடாது. ஒட்டியதும் ‘சார்ட்பை’ போட்டு நேரத்தை வரிசைப்படுத்துங்கள், எர்ரர் போய்விடும். ஒரே மாதம் இரண்டு முறை இறங்கியிருந்தால் அதை சார்ட்பை நீக்காது; மழை இரட்டிப்பாகத் தெரியும், அதையும் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 0தான். ஈரா5-இல் அட்சரேகை வடக்கே 90-இல் தொடங்கி தெற்கே இறங்குகிறது. தேதி போலன்றி, அட்சரேகை போன்ற எண்களில் இறங்குவரிசையும் ஒழுங்கான வரிசையே என்பதால் எக்ஸ்அர்ரே புகார் சொல்லாது. சிறியதிலிருந்து பெரியதுக்கு வெட்டச் சொன்னால் ஒன்றுமே இல்லாத காலித் துண்டைக் கையில் கொடுத்துவிடும். காலித் துண்டின் கூட்டுத்தொகை 0. வறட்சி பார்த்துப் பழகிய நம் மாவட்டத்தில் அந்த 0-வை யாரும் சந்தேகப்படாமல் போகலாம், அதுதான் பயம். இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவு 6.5-இலிருந்து 38.5 வரை வடக்கு நோக்கி ஏறுகிறது. அதில் இதே வரி சரியாக ஓடும். அதனால் ஒன்றில் ஓடிய நிரலை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

12.75 முதல் 11.75 வரை என்று திருப்பிக் கேளுங்கள், அல்லது அட்சரேகையையும் முதலில் சார்ட்பை செய்துவிடுங்கள். லேபிளால் (அதாவது 11.75 போன்ற மதிப்பைச் சொல்லி) வெட்டும்போது இரு முனைகளும் சேரும். 0.25 பாகைக் கட்டத்தில் 11.75, 12, 12.25, 12.5, 12.75 என 5 வரிசைகள் வரவேண்டும். கூட்டுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். ஈரா5 மழையை மீட்டரில் தருகிறது, மில்லிமீட்டருக்கு 1000-ஆல் பெருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 0 வந்தால் நிரலையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.