கொரிய அரசியல் ஆய்வுக்கென ஒரு சிறிய அறிஞர் சங்கத்தை வருடக்கணக்கில் விடாமல் நடத்துவது எப்படி?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பெரிய அரசியல் அறிவியல் சங்கங்கள் இருக்கும்போது கொரிய அரசியலுக்கென்று தனியாக ஒன்று தேவையா என்பது ஒன்று. இந்தியாவில் அப்படித் தொடங்கினால் எப்படி நிலைக்க வைப்பது என்பது இன்னொன்று. நான் அமெரிக்காவில் ஒப்பீட்டு அரசியல் சொல்லித்தருகிறேன். கொரியா என் ஆய்வுக் களம். இதுபோன்ற ஒரு சின்னச் சங்கத்தில் பொருளாளராக இருந்திருக்கிறேன், அதனால் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்துதான் பேசுவேன்.

தேவையா என்றால், கண்டிப்பாகத் தேவை. அமெரிக்க அரசியல் அறிவியல் துறைகளில் 'கொரியா நிபுணர் வேண்டும்' என்று வேலை விளம்பரம் வருவது அபூர்வம். 'ஒப்பீட்டு அரசியல்', 'பன்னாட்டு உறவுகள்' என்றுதான் எடுப்பார்கள். அதனால் ஒரு முனைவர் பட்ட மாணவர் தன் துறையில் கொரியா பற்றிப் பேச ஆளே இல்லாமல் ஐந்தாறு வருடம் கழிக்கலாம். அவருடைய வழிகாட்டி புள்ளியியலைச் சரிபார்ப்பார், கோட்பாட்டைச் சரிபார்ப்பார், ஆனால் 1987 அரசியலமைப்பில் அதிபருக்கு ஏன் ஒரே ஒரு ஐந்தாண்டுப் பதவிக்காலம் வைத்தார்கள், தென்மேற்கிலுள்ள ஜொல்லா வட்டாரமும் தென்கிழக்கிலுள்ள கியோங்சாங் வட்டாரமும் ஏன் இப்படி எதிரெதிராக வாக்களிக்கின்றன என்பதில் மாணவர் தவறு செய்தால் அவருக்குத் தெரியாது. அதைப் பிடிக்கிற கண்கள் எங்கே இருக்கின்றன என்றால் வேறு வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களில், துறைக்கு ஒருவராக. அவர்களை வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் சங்கத்தின் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோது இதன் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. கொரியாவில் கடைசியாக ராணுவச் சட்டம் இருந்தது 1979 அக்டோபரில் அதிபர் பார்க் சுங் ஹீ கொல்லப்பட்டதிலிருந்து 1981 ஜனவரி வரை. நடுவில் 1980 மே மாதம் அது நாடு முழுக்க விரிக்கப்பட்டது, அதை எதிர்த்த மக்களை ராணுவம் சுட்டுக்கொன்ற குவாங்ஜூ நகரப் படுகொலை நடந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் யாரும் தொடாத ஒரு அதிகாரம் அது. அரசியலமைப்பின் 77ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை கேட்டால் அதிபர் அதை விலக்கியே ஆக வேண்டும். 190 உறுப்பினர்கள் நள்ளிரவு தாண்டி உள்ளே கூடி ஒருமனதாக வாக்களித்து அதைச் செய்தார்கள். இதை உடனே விளக்கத் தெரிந்தவர்கள் யார் என்று பாருங்கள். யாரும் கவனிக்காத வருடங்களில் பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்திருந்த அறைகளில் கொரிய அதிபரின் அதிகாரம் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான். அந்தப் பத்துப் பேர் அறையை யாராவது காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது?

வட அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் சிறிய சங்கங்கள் 'தொடர்புடைய குழு' என்று பதிந்துகொண்டு தங்கள் அமர்வுகளை நடத்தலாம், கொரிய அரசியல் ஆய்வுச் சங்கமும் அப்படிப்பட்ட ஒன்று. மண்டப வாடகை இல்லை, ஒலிபெருக்கி ஏற்பாடு இல்லை, பெரிய கப்பலில் ஒரு அறை மாதிரி. ஆனால் அமர்வுக்கு ஆள் வராவிட்டால் அடுத்த வருடம் இடம் கேட்கும்போது கை தாழும். அதனால் 'என் கட்டுரை வேறு அமர்வில் இருக்கிறது, இங்கே வர நேரமில்லை' என்று மூத்தவர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவதே ஒரு பங்களிப்பு.

அப்புறம் தேதி. அந்த மாநாடு வழக்கமாக ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் வரும். கொரியப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் பருவம் தொடங்குவதும் செப்டம்பர் தொடக்கத்தில்தான். முதல் வார வகுப்பை விட்டுவிட்டு தலைநகர் சோலிலிருந்து ஒரு பேராசிரியர் கடல் தாண்டி வருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். கொரிய அரசியல் பற்றிய கூட்டத்துக்குக் கொரியாவிலிருந்தே ஆள் வர முடியாத நிலை. 2012இல் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்த மாநாடு ஐசக் புயலால் முழுக்க ரத்தானது. பெரிய சங்கம் அதைத் தாங்கிக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு சந்திப்பை மட்டுமே நம்பியிருக்கும் சின்னக் குழுவுக்கு அந்த வருடமே போய்விடும். ஆகவே பெரிய மாநாட்டோடு ஒட்டிக்கொண்டாலும், இணையவழியிலாவது இன்னொரு சந்திப்பு வருடத்தில் இருக்கட்டும். இந்தியாவில் நீங்கள் தேதி பார்ப்பதாக இருந்தால் டிசம்பர் கடைசி வாரம் அல்லது ஜனவரி முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் அப்போது பருவம் முடிந்திருக்கும், அமெரிக்காவிலும் அப்படியே.

இப்போது பணம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

கொரிய ஆய்வுக்கு உலகம் முழுக்கப் பணம் தரும் இரண்டு பெரிய இடங்கள் கொரியா ஃபவுண்டேஷனும் கொரிய ஆய்வு அகாடமியும். முதலாவது 1991இல் தொடங்கியது, கொரிய வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரண்டாவது 1978இல் பார்க் சுங் ஹீ காலத்தில் தொடங்கியது, இப்போது கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இரண்டும் நல்ல வேலை செய்கின்றன, பல பல்கலைக்கழகங்களில் கொரியப் பாடம் இருப்பதற்கே இவர்கள் கொடுத்த பணம்தான் காரணம். அதை வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் இலக்கியமோ தொல்லியலோ ஆராயும் சங்கத்துக்கும் அரசியலை ஆராயும் சங்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: நம்முடைய ஆய்வுப் பொருளே பணம் தரும் அரசுதான். அந்த அரசின் தேர்தல், அதன் உளவுத்துறை, அதன் வடகொரியக் கொள்கை இவற்றைத்தான் நாம் எழுதுகிறோம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, சில சமயம் அதற்கு முன்பே, அங்கே ஆட்சி கைமாறுகிறது.

2018இல் நடந்ததைப் பாருங்கள். வாஷிங்டனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் 2006இல் ஒரு அமெரிக்க-கொரிய ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. வடகொரிய அணு நிலையங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பிரித்துப் பார்த்து எழுதும் '38 நார்த்' இணையதளம் இங்கே பிறந்ததுதான். அதன் பணத்தின் பெரும்பகுதி கொரிய அரசின் பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் வழியாக வந்தது. சோலில் ஆட்சி மாறிய பிறகு உரசல் வந்தது. கணக்கு வெளிப்படையாக இல்லை என்று அந்தப் பக்கம் சொன்னது. இயக்குநரை மாற்றச் சொல்லி அழுத்தம் தருகிறார்கள், இது கல்விச் சுதந்திரத்தில் தலையீடு என்று இந்தப் பக்கம் சொன்னது. பணம் நிறுத்தப்பட்டது, அந்த வருடம் மே மாதமே நிறுவனம் மூடப்பட்டது. பன்னிரண்டு வருட உழைப்பு. '38 நார்த்' மட்டும் ஸ்டிம்சன் மையம் என்ற வேறொரு ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. யார் சொன்னது சரி என்பதை விட, ஒரே வாய்க்காலை நம்பியிருந்ததால் ஒரு தகராறு வந்ததும் முழு வயலும் காய்ந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சோல் பணம் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் வாஷிங்டனின் வில்சன் மையம் என்ற ஆய்வு நிறுவனத்தில் பெரும்பாலான ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள், அது அமெரிக்க அரசின் முடிவு. அங்கேயும் ஒரு கொரிய மையம் இருந்தது.

அதனால் என் கருத்து இது: சங்கம் உயிரோடு இருக்கத் தேவையான குறைந்தபட்சச் செலவு, அதாவது பதிவுக் கட்டணம், இணைய இடம், வருடத்துக்கு ஒரு சின்னக் கூட்டம், இவை மூன்றும் உறுப்பினர் சந்தாவிலிருந்தே வர வேண்டும். நல்கை, அதாவது வெளியிலிருந்து நிதியுதவி, வந்தால் மாணவர் பயணச் செலவு, ஆய்வேட்டுப் பரிசு, வெளியூர்ப் பேச்சாளர் என்று கூடுதல் காரியங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்கை நின்றால் இவை குறையும், சங்கம் நிற்காது. சந்தா எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாங்குங்கள். மாணவருக்குக் குறைவாக வையுங்கள், ஆனால் இலவசமாக வைக்க வேண்டாம், ஏனென்றால் பணம் கட்டியவர் தேர்தலில் வாக்களிப்பார், கேள்வி கேட்பார்.

கணக்கும் கடிதமும் சலிப்பான வேலைதான், ஆனால் சின்னச் சங்கங்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற ஒரு சங்கத்தின் வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற ஒரு மின்னஞ்சலட்டை மாதிரியான படிவம் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் அதை அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தலைவர் மாறுவார், செயலாளர் வேறு ஊருக்கு வேலைக்குப் போவார், வரித்துறைக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், அவ்வளவுதான். எனவே தலைவர் பதவியை ஒரு வருடமோ இரண்டு வருடமோ சுழற்றுங்கள், ஆனால் பொருளாளரைக் குறைந்தது நான்கு வருடம் வையுங்கள். அவர் போகும் முன் ஒரு வருடம் அடுத்தவர் கூடவே இருக்கட்டும். வங்கியில் கையெழுத்து இரண்டு பேருக்கு இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், ஒரு பேராசிரியரின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

இந்தியாவில் உங்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். புதுச் சங்கத்துக்குப் பதிவு சுலபத்தில் கிடைக்காது, சில வருடம் இயங்கிக் காட்ட வேண்டும். அரசியல் தன்மை கொண்ட அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்கவே முடியாது என்பதால், உங்கள் நோக்கம் ஆய்வும் கற்பித்தலும் மட்டுமே என்று விதிமுறையின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். இன்னொரு வழி, ஒரு பல்கலைக்கழகத் துறையோடு சேர்ந்து கருத்தரங்கு நடத்துவது. நல்கைக்கான விண்ணப்பம், அனுமதி எல்லாம் அவர்கள் பக்கம் இருக்கும்.

சங்கம் அரசியல் அறிக்கை விடலாமா என்ற சண்டை என்றாவது ஒரு நாள் வரும். கொரியாவில் பேராசிரியர்கள் வீதியில் இறங்கிய மரபு பெரியது. 1960 ஏப்ரல் 25 அன்று அவர்கள் ஊர்வலம் போனார்கள், அடுத்த நாள் அதிபர் சிங்மன் ரீ பதவி விலகுவதாக அறிவித்தார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் சங்கத்தில் இரண்டு பக்கத்தவரும் இருப்பார்கள், இருக்க வேண்டும். 1998இல் அரசியல் அறிஞர் சோய் ஜாங் ஜிப் கொரியப் போர் பற்றி முன்பு எழுதிய ஆய்வை வைத்து அவரை வடக்குக்குச் சாதகமானவர் என்று ஒரு மாத இதழ் தாக்கியது. அப்போது அவர் அதிபர் கிம் டே ஜுங்கின் ஆலோசனைக் குழுத் தலைவர், பிறகு அந்தப் பதவியிலிருந்து விலகினார். இப்படி ஒரு ஆய்வாளரின் எழுத்துக்காக அவரை வேட்டையாடும்போது சங்கம் வாய்திறக்க வேண்டும், அவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல். எந்தக் கட்சி ஆளலாம் என்பதில் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பெயரில் எழுதட்டும்.

புது ஆய்விதழ் தொடங்கும் ஆசையைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். தரமான இதழ்கள் ஏற்கெனவே உண்டு. 1977இலிருந்து வரும் ஏஷியன் பெர்ஸ்பெக்டிவ் இருக்கிறது, ஜர்னல் ஆஃப் கொரியன் ஸ்டடீஸ் இருக்கிறது. கொரியப் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களைத்தான் எண்ணுகிறார்கள், பட்டியலில் இல்லாத புது இதழுக்கு நல்ல கட்டுரையை யாரும் தர மாட்டார்கள். அந்த உழைப்பை மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்தித் தருவதில் போடுங்கள்.

அதற்கு உங்கள் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருடம் ஜூலையில் கொரியாவில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 'தொழிற்சங்கம் இல்லாத நிர்வாகம்' என்ற பழைய கொள்கையை இனி தொடர மாட்டோம் என்று அப்போதைய சாம்சங் துணைத்தலைவர் லீ ஜே யோங் மன்னிப்புக் கேட்டுச் சொன்னது 2020 மே மாதம். இந்த மூன்றையும் சேர்த்து எழுத ஆசைப்படும் ஒரு சென்னை மாணவருக்கு இங்கே தொழிலாளர் சட்டம் சொல்லித்தர ஆள் கிடைக்கும், கொரியத் தொழிற்சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். முதல் வருடம் ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒரு வரைவைப் படியுங்கள், எழுதியவரின் வரைவுக்குக் கொரிய மொழி படிக்கத் தெரிந்த ஒருவராவது எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். இரண்டாவது வருடம் பதிவு செய்யுங்கள். உங்கள் விதிமுறை வரைவு தயாரானதும் இங்கேயே பதிவிடுங்கள், பொருளாளர் பற்றிய பிரிவை நான் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.