ஆற்றில் பறித்த செடியை மீன்தொட்டியில் வைக்கலாமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் இரண்டடி மீன்தொட்டி. கப்பி மீன்களும் கொஞ்சம் செர்ரி இறாலும் வளர்க்கிறோம். அடுத்த வாரம் ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறோம். போன முறை காவிரியில் நாடா மாதிரி நீளமான செடிகளைப் பார்த்தேன். அவற்றைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் அலசித் தொட்டியில் வைக்கலாமா? இல்லை, பக்கத்து ஏரியிலேயே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: காவிரிச் செடியை வைக்கலாம். ஆனால் கொண்டுவந்த அன்றைக்கே வேண்டாம், நான்கு வாரம் தனியாக வைத்திருந்து பிறகு வையுங்கள். ஏரிச் செடி வேண்டவே வேண்டாம்.

ஏரியை ஏன் இவ்வளவு கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், நோயையும் பூச்சியையும் போக்க வழி இருக்கிறது, இலைக்குள் ஏறிவிட்ட உலோகத்தைப் போக்க வழி இல்லை. நீர்ச்செடிகள் தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள ஈயம், காட்மியம், தாமிரம் போன்றவற்றை உறிஞ்சித் தமக்குள் சேர்த்துவைக்கும். அந்த இலை உங்கள் தொட்டியில் அழுகும்போது அது தண்ணீரில் கலக்கும். கப்பி ஓரளவு தாங்கும், இறாலுக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலே ஆபத்து. நம் ஏரிகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. 2017 பிப்ரவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பிடித்துப் புகைந்தது. தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பி எடுக்காதீர்கள்.

சரி, காவிரிக்கு வருவோம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வாலிஸ்னேரியாவாக இருக்கும். தண்டு இல்லாமல் அடியிலிருந்தே நாடா நாடாவாக இலை கிளம்பும், பக்கத்தில் கொடி ஓடிப் புதுக்கன்று விடும். அதோடு வேலம்பாசியும் கிடைக்கலாம், பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை சோதனைக்குப் புனலுக்குள் வைத்த அதே ஹைட்ரில்லாதான். இரண்டுமே எளிதில் சாகாத செடிகள். பெங்களூர் போர்வெல்லின் கடினத் தண்ணீரிலும் நன்றாக வரும்.

எங்கே எடுப்பது என்பது முக்கியம். பக்கத்திலேயே இருக்கும் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். அங்கே ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. முத்தத்தி, பீமேஸ்வரி பக்கம் போனாலும் இதே கதைதான், அது காவிரி வனவிலங்கு சரணாலயம். நெல் வயலுக்குப் போகும் வாய்க்காலையும் விட்டுவிடுங்கள், களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதில் இருக்கும். துணி துவைக்கும் படித்துறைக்குக் கீழே வேண்டாம். கரையோரமாக, கைக்கு எட்டுகிற இடத்தில் ஏழெட்டுக் கன்று போதும், மூன்று மாதத்தில் தானாகப் பரவிவிடும். இதற்காக ஆற்றில் இறங்காதீர்கள். அங்கே இழுப்பும் உண்டு, முதலையும் உண்டு. கையில் புண் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். செடியை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கவரில் போட்டால் வீடு வரும்வரை வாடாது.

இப்போது உப்புத் தண்ணீர் விஷயம். ஊசித்தும்பியைக் குளக்கரையில் பார்த்திருப்பீர்கள். அது நீர்ச்செடியின் தண்டையோ இலையையோ தன் வால்நுனியால் கீறி, கீறலுக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போகும். வெளியே ஒன்றுமே தெரியாது. உப்பு, படிகாரம், மருந்து எதில் முக்கினாலும் செடிக்குள் இருக்கிற முட்டையை எட்டுவது கஷ்டம். இரண்டு மூன்று வாரத்தில் அது பொரிந்து வரும். தும்பிக் குஞ்சின் கீழுதடு முகத்துக்கு அடியில் மடிந்து கிடக்கும். பக்கத்தில் கப்பிக் குஞ்சு வந்தால் அந்த உதடு கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனியில் உள்ள கொக்கிகளால் கவ்வி இழுத்துவிடும். தொட்டியில் குஞ்சுகள் காரணமே தெரியாமல் குறைந்துகொண்டே போனால், செடியோடு வந்த இதுதான் என் முதல் சந்தேகம்.

இதனால்தான் காத்திருப்பதை எந்த மருந்தைவிடவும் பெரிதாக நினைக்கிறேன். வெண்புள்ளி நோய்க் கிருமிக்கு மீன் கிடைக்காவிட்டால், நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் அது செத்துவிடும். மீன்பேன் முட்டை பொரிய வாரக்கணக்கில் ஆகும், பொரிந்த குஞ்சு மீன் இல்லாமல் சில நாள்தான் தாக்குப்பிடிக்கும். நான்கு வாரக் கணக்கு இப்படி வந்ததுதான்.

மருந்துக் குளியலும் கொடுங்கள், வெளியே ஒட்டியிருப்பவற்றுக்கு அது உதவும். முதலில் குழாய்த் தண்ணீரில் ஒவ்வொரு இலையாக விரலால் வழித்துக் கழுவுங்கள். இலையின் அடியில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் அது நத்தை முட்டை, நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லியை ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் கலந்தால் ஊதாவாக வரும். செடியை அதில் 10 நிமிடம் போடுங்கள். அதற்குள் நிறம் பழுப்பாக மாறினால் மருந்தின் வேலை தீர்ந்துவிட்டது, செடியில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள். மறுபடி கழுவிப் புதுக் கரைசலில் போடுங்கள். ப்ளீச் வேண்டாம், இந்த மெல்லிய இலைகள் அதில் வெந்துவிடும்.

பிறகு பால்கனியில் வெளிச்சம் படும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப், அதில் குளோரின் போன தண்ணீர், அதில் செடி. மீன் விடக் கூடாது. மீன் இல்லாத தண்ணீர் என்றால் கொசு வரும், பெங்களூரில் டெங்கு பயம் வேறு. அதனால் கொசுவலையால் இடைவெளி இல்லாமல் மூடிக் கட்டுங்கள். புதிதாகத் தும்பி வந்து முட்டையிடுவதையும் அதே வலை தடுக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, பழைய தண்ணீரைப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், அட்டையும் நத்தையும் அப்போதுதான் வெளியே வரும்.

முதல் வாரத்தில் பழைய இலைகள் கரைந்து விழுந்தால் பயப்படாதீர்கள், வாலிஸ்னேரியா இடம் மாறினால் அப்படித்தான். நடுவில் புதுக்குருத்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கு வாரம் முடிந்ததும் மூன்று நான்கு இறாலை மட்டும் டப்பில் விட்டு இன்னும் ஒரு வாரம் பார்த்தால் நல்லது. அவை மேய்ந்து திரிந்தால் செடியைத் தொட்டிக்கு மாற்றலாம். இறால் சுருண்டு விழுந்தால் அந்தச் செடி வேண்டாம், வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஏரியிலோ ராஜகால்வாய் என்கிற மழைநீர்க் கால்வாயிலோ எறியாதீர்கள், வேலம்பாசியின் ஒரு சிறு துண்டே போதும், அங்கே முளைத்துக்கொள்ளும்.