லண்டன் பயணச் செலவு: தள்ளுபடி தானாக வராது தம்பி

தம்பி, நீங்கள் கேட்டதைப் படித்தேன். ஈஸ்ட் ஹாமில் தங்கி நடு லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கிறீர்கள். சில நாள் போன், சில நாள் பேங்க் கார்டு என்று கையில் கிடைத்ததைக் காட்டிப் போகிறீர்கள். மூன்று வாரத்தில் பயணத்துக்கே பணம் கரைந்துவிட்டது, மாணவர் தள்ளுபடி எப்போது வரும் என்று கேட்டிருந்தீர்கள். அது தானாக வராது. நாம்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் போனையும் கார்டையும் இப்படி மாற்றி மாற்றிக் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பணம் ஒரே கணக்கிலிருந்துதானே போகிறது என்று நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மழை நாளில் கார்டை வைத்து உள்ளே போனவன், வெளியே வரும்போது பர்ஸ் பையின் அடியில் கிடந்ததால் போனை வைத்தேன். கேட் திறந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு கட்டணம், இரண்டும் அதிகபட்சத் தொகை. மெஷினுக்குப் போனும் கார்டும் இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் உள்ளே போய் வெளியே வரவில்லை, இன்னொருவர் உள்ளே போகாமலே வெளியே வந்தார் என்று கணக்காகிவிட்டது. இணையத்தில் விண்ணப்பித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். ஆனால் இன்னொரு நஷ்டம் கண்ணில் படாது. ஒரு நாளைக்கு, அப்புறம் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான ஒரு வாரத்துக்கு, இவ்வளவுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டாகப் பிரித்துப் பயணம் செய்தால் எதிலும் அந்த வரம்பை எட்டவே மாட்டீர்கள்.

சரி, பணம் ஏற்றி லண்டன் பயணத்துக்குப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் கார்டு தேவையா? முழுக் கட்டணம் கட்டுகிறவருக்குப் பேங்க் கார்டும் ஆய்ஸ்டரும் ஒன்றுதான். உங்களுக்குத் தேவை, ஏனென்றால் தள்ளுபடியை ஆய்ஸ்டரில்தான் ஏற்ற முடியும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் ஏமாந்து போகிறார்கள். 18 பிளஸ் ஸ்டூடன்ட் ஆய்ஸ்டர் போட்டோகார்டு எடுத்துவிட்டால் எல்லாமே குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதில் கிடைக்கும் 30 சதவீதத் தள்ளுபடி, டிராவல்கார்டு (முன்கூட்டியே பணம் கட்டி எடுக்கும் பயணச் சீட்டு), பஸ் பாஸ் இரண்டுக்கும் மட்டும்தான். கார்டில் பணம் போட்டு, போகப்போகக் கழிகிற பயணத்தில் ஒரு பென்னி குறையாது. தினமும் வகுப்பு இருந்தால் மாத டிராவல்கார்டு லாபம். லண்டனை நடுவிலிருந்து வெளியே 1, 2, 3 என்று ஸோன்களாக, அதாவது கட்டண வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் 3, 4 இரண்டு ஸோனுக்கும் எல்லையில் இருக்கிறது. அதனால் 1 முதல் 3 வரை எடுத்தால் போதும், 4க்குக் காசு கட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள்தான் வகுப்பு என்றால் டிராவல்கார்டு வீண்.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது ரெயில்கார்டு, அதாவது ரயில் கட்டணத்தில் தள்ளுபடி தரும் அட்டை. 16-25 என்று பெயர் இருந்தாலும், முழுநேர மாணவராக இருந்தால் 26 தாண்டியும் வாங்கலாம். போனிலேயே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. அதை ஆய்ஸ்டரோடு இணைக்க வேண்டும். டியூப் (சுரங்க ரயில்) ஸ்டேஷனில் கேட் பக்கம் நிற்கும் ஊழியரிடம், 'இந்த ரெயில்கார்டை என் ஆய்ஸ்டரில் சேர்த்துத் தரமுடியுமா' என்று கேளுங்கள். டிக்கெட் மெஷினுக்கு அழைத்துப் போவார். மஞ்சள் வட்டத்தில் கார்டை வைக்கச் சொல்வார், அவருக்கான திரையைத் திறந்து நாலைந்து பட்டன் அழுத்துவார். அவ்வளவுதான். அதன்பிறகு டியூபிலும் ரயிலிலும் ஆஃப்-பீக், அதாவது கூட்டம் குறைந்த நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆஃப்-பீக் நாள் வரம்பும் அதே அளவு இறங்கும். கேட்கக் கூச்சப்பட்டு வருடம் முழுக்க முழுக் கட்டணம் கட்டினவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். ரெயில்கார்டைப் புதுப்பித்தால் மறுபடியும் போய் இணைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பீக் நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 முதல் 9:30, மாலை 4 முதல் 7. நீங்கள் உள்ளே கார்டு வைக்கும் நேரம்தான் கணக்கு. பத்தரை மணி வகுப்பென்றால் 9:31க்கு உள்ளே போங்கள். இன்னொன்று, மாலையில் வெளி ஸோனிலிருந்து ஸோன் 1க்குள் போகும் பயணத்துக்கு ஆஃப்-பீக் கட்டணம்தான். நடு லண்டனில் மாலை வேலை கிடைத்தால் இது பெரிய உதவி.

பஸ்ஸுக்கு ரெயில்கார்டு தள்ளுபடி இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு ஸோனும் இல்லை, பீக்கும் இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். 2023 மார்ச்சில் அது 1.75 பவுண்டு ஆனது. முதல் பஸ்ஸில் கார்டு வைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறுகிற அடுத்த பஸ்களுக்குக் காசு கிடையாது. ஏறும் நேரம்தான் கணக்கு, இறங்கும் நேரம் அல்ல. நடுவில் டியூபில் போய்வந்தாலும் அந்தச் சலுகை போகாது. பஸ்ஸில் இறங்கும்போது கார்டு வைக்கத் தேவையில்லை. ரொக்கம் 2014லிருந்து வாங்குவதில்லை, அதனால் கார்டில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், கனடா வாட்டர் மாதிரி ரயில் மாறும் ஸ்டேஷன்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரீடர், அதாவது கார்டு வைக்கும் மெஷின் இருக்கும். ஸோன் 1க்குள் போகாமல் சுற்றிப் போகிறீர்கள் என்றால் மாறும்போது அதில் கார்டை வையுங்கள், குறைந்த கட்டணம் பிடிக்கும்.

ஆய்ஸ்டர் வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தொலைந்தாலும் பணம் போகாது. ரெயில்கார்டை இணைக்க எட்டரை மணிக்குப் போய் நிற்காதீர்கள், கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. பதினொரு மணிவாக்கில் போங்கள்.