கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கணக்கோடு போங்கள்

தம்பி, வேளாண் பட்ஜெட்டுக்குக் கருத்துக் கேட்கக் கூட்டம் போடுகிறார்கள், அப்பா "போய் என்ன ஆகப்போகுது" என்கிறார், போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் 2021 ஆகஸ்டில்தான் முதன்முதலாக வந்தது, அதற்கே விவசாயிகளிடம் கருத்துக் கேட்டுத்தான் எழுதினார்கள். நாம் போகாவிட்டால் சேற்றில் கால் வைக்காதவர்கள் சொல்வது மட்டும்தான் பதிவாகும்.

ஆனால் "நெல்லுக்கு நல்ல விலை வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. ஆதரவு விலையை அறிவிப்பது ஒன்றிய அரசு, கொள்முதலுக்குக் கொண்டுவரும் நெல்லில் ஈரம் இதற்கு மேல் இருக்கக் கூடாது என்கிற 17 சதவீத வரம்பைத் தளர்த்துவதும் அவர்கள்தான். மாநிலத்தின் கையில் இருப்பது குவிண்டாலுக்குத் தரும் ஊக்கத்தொகை, அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்துக்குக் கூரை, தார்ப்பாய், உலர்த்தும் இயந்திரம் இதெல்லாம். அதைக் கேளுங்கள்.

ஒரு தை மாதம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி ஆறு நாள் காத்துக் கிடந்தேன், பனி இறங்கி, குவியலுக்குள் கையை விட்டால் சூடு, அடியில் வெள்ளையாக முளை. அதைத் தேதி வாரியாக எழுதிக் கூட்டத்தில் கொடுத்தபோதுதான் அதிகாரி நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்டார்.

சரி, நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை, உர மூட்டை விலை எல்லாம் ஏக்கருக்கு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம், அப்பாவையும் கூட்டிப் போங்கள், அத்தனை வருஷக் கணக்கும் அவர் தலையில்தான் இருக்கும்.