விளக்கை ஏற்றியது யார்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். 18 வருடமாக மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறேன். மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். போன கார்த்திகையில் நான் மாலை போட்ட அன்றைக்கே, "மகரஜோதியை ஆட்கள்தான் கொளுத்துகிறார்கள், தேவசம் போர்டே கோர்ட்டில் ஒத்துக்கொண்டுவிட்டது, தெரியுமா அப்பா?" என்றாள். கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அவள் சொல்வது உண்மையா? உண்மை என்றால் இத்தனை வருடம் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது எதைப் பார்த்து? சாமி கும்பிடுகிறவன் கேள்வியும் கேட்கலாமா, இல்லை இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அண்ணே, மகள் சொன்னது உண்மை. சன்னிதானத்துக்கு எதிரே காட்டுக்குள் இருக்கிற பொன்னம்பலமேட்டில் அந்த விளக்கை மனிதர்கள்தான் ஏற்றுகிறார்கள். 2008லேயே கோவிலின் தலைமைப் பூசாரிகளான தந்திரி குடும்பத்தின் மூத்தவரான கண்டரரு மகேஸ்வரரு இதை வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது கோவிலை நிர்வகிக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டும் அதையே சொன்னது. மகரஜோதி என்பது அந்த மாலையில் வானத்தில் தெரிகிற நட்சத்திரம், மேட்டில் மூன்று தடவை தெரிவது மகரவிளக்கு, இரண்டும் வேறு வேறு என்பது அவர்கள் கொடுக்கும் விளக்கம். மலை அரையர் பழங்குடி மக்கள் அது தங்கள் முன்னோர் ஏற்றிவந்த விளக்கு என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஆக இது யாரோ நேற்று கண்டுபிடித்த ரகசியம் இல்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது, நாம்தான் கேட்கவில்லை.

என் அப்பாவும் குருசாமிதான். கம்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருமுடி கட்டு நடக்கும். தேங்காயின் கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை ஊற்றி, தக்கை வைத்து அடைப்பார். ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த நெய் வாசம் மூன்று நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. நான் கன்னிசாமியாகப் போன வருடம் மலையில் விளக்கு தெரிந்ததும் எல்லோரும் சரணம் போட்டு அழுதார்கள், நானும் அழுதேன், இறங்கி வரும்போது அப்பாவிடம் "அதை யார் ஏத்துறாங்க?" என்று கேட்டேன். கூட வந்த ஒருவர் என்னை அதட்டினார். அப்பா அவரைத் தடுத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுடா, காட்டுக்குள்ள யாரோ ஏத்துறாங்கன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். அதற்கப்புறமும் அவர் வருடா வருடம் போனார். யாரோ ஏற்றுகிற விளக்கு என்று நினைத்துக்கொண்டே அழுகிற மனிதரை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதனால்தான் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன். நம் வீட்டுக் கார்த்திகை விளக்கையும் கைதானே ஏற்றுகிறது, அதைப் பார்த்து நாம் கும்பிடாமலா இருக்கிறோம்?

ஆனால் இதை இப்படி இனிப்பாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை. விளக்கை மனிதர் ஏற்றுவது தவறில்லை. தானாகத் தோன்றுகிறது என்று சொல்லி, அதைக் கேட்காமல் நம்பவைத்ததுதான் தவறு, அதற்கு நம் பக்கத்து ஆட்கள் கொடுத்த விலை சாதாரணமானது இல்லை. 2011 ஜனவரி 14 ராத்திரி புல்மேட்டில் நடந்ததை வண்டிப்பெரியாறுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு தெரிகிற இடம் என்று அந்தப் புல்வெளி மேட்டில் லட்சக்கணக்கில் கூடி, பார்த்த கையோடு இருட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க, நெரிசலில் 100 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். 1999இலும் அதே ஜனவரி 14, பம்பை பக்கம் 50 பேருக்கு மேல். 2011இல் அந்த ராத்திரி விடிய விடிய குமுளி ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மேட்டில் வெளிச்சம் போதுமா, இறங்குகிற பாதை எவ்வளவு அகலம், எத்தனை பேரை விடலாம், இதையெல்லாம் முன்னாடியே விடாமல் கேட்டிருக்க வேண்டும். பக்தர்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிற கேள்விகள் இவை. இவற்றைக் கேட்பவனை நாத்திகன் என்று ஒதுக்கும் பழக்கம் இருக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கே நம்பிக்கை இருக்கலாம், எங்கே கூடாது என்று நான் பிரித்துக்கொள்வது இப்படித்தான். மனசுக்குத் தெம்பு, 41 நாள் ஒழுக்கம், பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே மாதிரி "சாமி" என்று கூப்பிட்டுக்கொள்வது, செத்துப்போனவர்களை நினைத்துக்கொள்வது, இதெல்லாம் நம்பிக்கையின் வீடு, அங்கே போய் ஆதாரம் கேட்டு நான் சண்டை போட மாட்டேன். உடம்பு, காசு, இன்னொருத்தருடைய உரிமை என்று வந்துவிட்டால் அங்கே கேள்விக்குத்தான் முதலிடம். என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. ஒரு வருடம் குழுவில் ஒருவர், விரத காலத்தில் இங்கிலீஷ் மருந்து கூடாது, துளசித் தீர்த்தம் போதும் என்று சொல்ல, அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். நீலிமலை ஏற்றத்தில் கால் தடுமாறி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடி, வழியிலிருந்த மருத்துவ முகாமில் சேர்த்து, பிழைத்தார். அடுத்த வருடமும் போனார். பின்முடியில் அவல் பொரியோடு மாத்திரைப் பட்டையையும் வைத்துக் கட்டினார், அப்படிச் சொன்னவர் முன்னாலேயே. முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. இந்தப் பிரிவினையை மலையே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கேட்கத் தொடங்கினால் சில நம்பிக்கைகள் நிற்காது. சிலருக்கு எதுவுமே மிஞ்சாமல் போகிறது, அவர்கள் கெட்டவர்களாகிவிடுவதில்லை, உங்கள் மகள் ஒருநாள் அங்கே போய் நின்றாலும் அவள் உங்கள் மகள்தான்.

அவள் இயற்பியல் படிக்கிறவள் என்பதால் ஒரு பெயர் சொல்கிறேன், அவளிடம் கேளுங்கள்: ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் எழுதினார், பெருவெடிப்புக் கொள்கைக்கு அதுதான் வேர். 1951இல் போப்பாண்டவரே அதைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் அறிவியலை வேதத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. கடைசிவரை பாதிரியாராகவேதான் இருந்தார்.

அப்புறம், ஓங்கிய கையைப் பற்றி. 18 வருடம் என்றால் தென்னங்கன்றும் கொண்டுபோயிருப்பீர்கள், நீங்களும் குருசாமி. மகளைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரி, நான் விசாரித்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். வாசலுக்கு வந்து அந்த நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மகரவிளக்கு சமயத்தில் முன்னிரவில் கிழக்கே ஏறி வருகிற சிரியஸைத்தான் ஜோதி என்கிறார்கள். ராத்திரி வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. நீங்கள் பார்க்கிற அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி எட்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் அதை விளக்கட்டும், நீங்கள் சரணம் சொல்லுங்கள்.

கேள்வி: சூளூர்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதற்கு முன்னால் இஸ்ரோ பெரியவர்கள் எங்கள் ஊர் செங்காளம்மன் கோவிலுக்கு வருவார்கள். திருமலைக்கு ராக்கெட் மாதிரியைக் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறார்கள். விஞ்ஞானிகளே இப்படி என்றால் நாங்கள் என்ன நினைப்பது?

பதில்: ராக்கெட் விழுந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி எஃப்10 தோற்றது. அம்மன் கோபம் என்று யாரும் அறிக்கை எழுதவில்லை. குழு போட்டு, தரவுகளைத் தோண்டி, கிரையோஜெனிக் கட்டத்தின் திரவ ஹைட்ரஜன் தொட்டியில் ஒரு வால்வு கசிந்து அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் மோதியது. அடுத்த தடவை பரிகாரம் செய்துவிட்டு அதையே திரும்ப அனுப்பவில்லை. கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், முன்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளம், சுமார் இரண்டரை கிலோமீட்டர் அகலம் என்று விரித்தார்கள். எது எது தப்பாகப் போகலாம் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. கோவிலுக்குப் போனது அவர்கள் மன நிம்மதிக்கு, வால்வைச் சோதித்தது ராக்கெட்டுக்கு.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தனி ஆளாக வந்து கும்பிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அரசு நிறுவனத்தின் பெயரில், கேமரா முன்னால் செய்யும்போது அங்கே வேலை பார்க்கிற வேறு மதத்துக்காரரும் சாமி இல்லை என்பவரும் வெளி ஆளாகிவிடுகிறார்கள். அந்த ராக்கெட்டில் அவர்கள் முறுக்கிய திருகாணியும் இருக்கிறது.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம், நர்சிங் படிக்கிறேன். எங்கள் சபை ஊழியர், சந்தேகப்படுவது சாத்தான் விதைக்கிற விதை என்கிறார். வேதபாட வகுப்பில் கேள்வி கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிற்கவைத்து ஜெபம் செய்தார்கள். அம்மா அழுகிறார். நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா?

பதில்: தங்கச்சி, உங்களை எழுப்பி நிற்கவைத்தது படிக்கவே கஷ்டமாக இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளைக்கு அது அவமானம், வேறு பெயர் அதற்கு இல்லை.

உங்கள் ஊரிலிருந்து திருவிதாங்கோட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகாது. அங்கே இருக்கிற அரைப்பள்ளி என்கிற பழைய தேவாலயத்தை அப்போஸ்தலர் தோமாவே கட்டியது என்று சொல்வார்கள். கேரளம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் பலர் தங்கள் விசுவாசத்துக்கு ஆதி என்று சொல்லிக்கொள்வது அவரைத்தான். அவர் யார்? ஆணிகள் பாய்ந்த காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்றவர். மற்ற சீஷர்கள் பத்துப் பேர் சொல்லியும் கேட்கவில்லை. காணாமலே விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்ற வசனத்தை உங்கள் ஊழியர் எடுத்துக்காட்டுவார், அதுவும் யோவான் 20ஆம் அதிகாரத்தில் இருப்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் உள்ளதையும் வாசிக்கச் சொல்லுங்கள். இயேசு கையை நீட்டிக் காயத்தைக் காட்டினார். கேட்டதற்காகத் தோமாவைத் துரத்தவில்லை. தோமா நம்பமாட்டேன் என்றதற்கும் அதற்கும் நடுவே எட்டு நாள் இருக்கிறது, அந்த எட்டு நாளும் கழிந்து கதவு பூட்டிய அறையில் அவர் மற்றவர்களோடுதான் இருக்கிறார். அவர்கள் அவரைத் தனியே எழுப்பி நிற்கவைத்ததாக எங்கும் எழுதவில்லை.

தோமா கி.பி. 52இல் கேரளத்துக்கு வந்தார் என்பதையும் நீங்கள் கேள்வி கேட்கலாம். அது மரபு. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றிக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பழைய உள்ளூர் ஆவணம் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, அது 849ஆம் ஆண்டு. நடுவே கிட்டத்தட்ட 800 வருடம். அதைத் தெரிந்துகொண்டே அரைப்பள்ளியின் குளிர்ந்த கல்தரையில் முழங்கால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் பேசியிருக்கிறேன்.

நர்சிங் படிக்கிறீர்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த டோஸ் சந்தேகமாக இருந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் திரும்பக் கேட்க வேண்டும் என்றுதானே உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்? அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் அழுகிறபோது வாதம் வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், ஜெபம் பண்ண வேண்டும் என்றால் கூடவே பண்ணுங்கள், பொய்யாக ஆமென் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில் அந்த 20ஆம் அதிகாரத்தை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், 24ஆம் வசனத்திலிருந்து.