டோபால் ஒஸ்மான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதல் உலகப் போரிலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் துருக்கியில் தன்னார்வப் படை நடத்தியவர் டோபால் ஒஸ்மான். அவருடைய ஆட்கள் மேல் விழும் கொலை, கொள்ளைக் குற்றச்சாட்டுகளில் அரசையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

கேள்வி: டோபால் என்பது குடும்பப் பெயரா?

பதில்: இல்லை, பட்டப்பெயர். துருக்கி மொழியில் 'நொண்டி' என்று பொருள். 1883இல் கருங்கடல் கரையில் கிரேசுன் ஊரில் பிறந்தவர். ஹேசல்நட் வணிகக் குடும்பம். 1912இல் பால்கன் போருக்குத் தன்னார்வலராகப் போய் முழங்காலில் காயம்பட்டுத் திரும்பியதிலிருந்து இந்தப் பெயர். துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்ததே 1934இல்தான். அதனால் பழைய ஆவணங்களில் 'ஒஸ்மான் ஆகா' என்று தேடுங்கள்.

கேள்வி: அவர் கொள்ளைக் கூட்டத் தலைவர்தானே? அரசாங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: அவர் வகித்த பொறுப்புகளை வரிசையாகப் பாருங்கள். முதல் உலகப் போரில் ரஷ்யருக்கு எதிராகத் தன்னார்வப் படை நடத்தினார். ஆர்மீனியர்களை நாடு கடத்தியதில் பங்கு உண்டு என்று போர் முடிந்ததும் ஒஸ்மானிய அரசு அவரைத் தேடியது. மலைக்குள் போய் ஒளிந்தார். 1919 ஜூலையில் சுல்தானின் மன்னிப்பு கிடைத்தது. கிரேசுன் மேயர் நாற்காலியில் இருந்ததும் அதே ஆண்டில்தான். பிறகு, சுல்தானின் அரசுக்குப் போட்டியாக அங்காராவில் தேசிய அரசை நடத்திய முஸ்தபா கெமாலின் (பின்னாளில் அதாதுர்க்) மெய்க்காவல் படைக்கு ஆள் தந்தார். 47ஆவது படைப்பிரிவின் தலைவரானார். கொள்ளைக்காரன் என்று ஒதுக்கிவிட்டால் அவரை ஏவியவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: பொன்டஸ் (கருங்கடலின் தென்கரைப் பகுதி) கிரேக்கர் படுகொலை முழுவதும் அவர் செய்ததா?

பதில்: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 1914 முதல் 1923 வரையிலான மொத்த இறப்பையும் ஒருவர் பெயரில் எழுதக்கூடாது. 1921 ஜூனில் கிரேக்கக் கப்பல்கள் இனெபோலு துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியதும், கரையோரத்தில் வாழ்ந்த 15 முதல் 50 வயது கிரேக்க ஆண்களை உள்நாட்டுக்கு அனுப்பும்படி அங்காரா உத்தரவிட்டது. அது அரசின் முடிவு. ஊருக்குள் புகுந்து கொன்றதும் எரித்ததும் தனிக் கணக்கு. அதில் அவருடைய ஆட்கள் மேல் மிக நேரடியாக விழும் குற்றச்சாட்டு 1921 ஜூலையில் மெர்சிஃபோன் ஊரில் நடந்ததைப் பற்றியது. கிரேக்கர், ஆர்மீனியர் வீடுகள் நாள்கணக்கில் சூறையாடப்பட்டதை அங்கிருந்த அமெரிக்க நிவாரணப் பணியாளர்கள் பதிவு செய்தார்கள்.

கேள்வி: சிவாஸ் பக்கம் உள்ள கோச்கிரியில் நடந்ததில் அவருக்குப் பங்கு உண்டா?

பதில்: 1921 வசந்தத்தில் அங்கே அலெவி என்ற இஸ்லாமியப் பிரிவைச் சேர்ந்த குர்துகள் கிளர்ந்தார்கள். அடக்கியது அங்காரா அரசின் தளபதி நூரெத்தின் பாஷாவின் மத்தியப் படை. ஒஸ்மானின் பிரிவும் அதில் இருந்தது. கொடுமை அளவுமீறியதால் நாடாளுமன்றமே ரகசியக் கூட்டத்தில் கேள்வி எழுப்பியது, நூரெத்தின் பதவி இழந்தார். அந்தக் கூட்டக் குறிப்புகள் இப்போது அச்சில் கிடைக்கின்றன. துருக்கி வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைப் படியுங்கள். எதிரிகள் கட்டிய கதை என்று யாரும் அதைத் தள்ள முடியாது.

கேள்வி: அவரைக் கொன்றது யார்?

பதில்: அவர் சார்ந்த அரசின் படையே. டிராப்சோன் நாடாளுமன்ற உறுப்பினர் அலி ஷுக்ரு எதிரணியில் உரக்கப் பேசியவர், 'தான்' நாளிதழை நடத்தியவர். 1923 மார்ச் 27 அன்று காணாமல் போனார். ஒஸ்மானின் வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட அவருடைய உடல், அங்காராவை அடுத்த முஹ்யே கிராமத்தருகே புதைக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 1 இரவு முஸ்தபா கெமால் சாங்காயா இல்லத்தை விட்டு ரயில் நிலையக் கட்டடத்துக்கு மாறினார். இஸ்மாயில் ஹக்கி தலைமையிலான காவல் படை ஒஸ்மானைச் சுற்றி வளைத்தது; சண்டையில் அவர் இறந்தார். புதைத்த ஒஸ்மானின் உடலை நாடாளுமன்றத்தின் தீர்மானப்படி தோண்டியெடுத்து நாடாளுமன்ற வாசலில் தொங்கவிட்டார்கள். விசாரணை நடக்கவில்லை, கொலைக்கு உத்தரவு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அதே ஏப்ரல் 1 அன்றுதான் புதிய தேர்தலுக்கும் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அந்தத் தேர்தலோடு எதிரணி அவையிலிருந்து காணாமல் போனது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: பழைய செய்தித்தாளில் 1339 என்று இருக்கிறதே?

பதில்: அது ருமி ஆண்டு, அதாவது ஒஸ்மானிய அரசு பயன்படுத்திய காலண்டரின் ஆண்டு. 584 கூட்டினால் 1923. 1917 மார்ச் 1க்குப் பிந்தைய தேதிகளில் நாளும் மாதமும் நம் காலண்டரோடு ஒத்துப்போகும். அதற்கு முந்தைய, 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளில் 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மாற்றிச் செய்துதான் பலர் ஒரே நிகழ்வை இரண்டாக எண்ணிவிடுகிறார்கள்.

கேள்வி: இன்று அவருக்குச் சமாதி உண்டா?

பதில்: உண்டு, கிரேசுன் கோட்டையில்.